சாமுண்டி மலையில் படிக்கு ஒரு வரி

எழுதத் தொடங்கும் கைக்கு முன்னே நடந்து, வழியில் கிடக்கும் முள்ளைத் தன் துதிக்கையால் ஒதுக்கித் தரும் ஆனைமுகப் பெருமானை முதலில் வணங்குகிறேன். அவனைப் பெற்றவளும், மைசூர் நகரத்தைத் தன் காலடியில் வைத்துக் காப்பவளும், எங்கள் குடும்பத்தை ஒரு முற்பகல் முழுவதும் தன் மலையின் நடுவே நிறுத்தி வைத்தவளுமான அம்மையை அடுத்து வணங்குகிறேன். ஈசுவர ஆண்டு, ஆவணித் திங்கள், வளர்பிறைத் திருதியையும் சித்திரை நட்சத்திரமும் கூடிய வெள்ளிக்கிழமை. கன்னட நாட்டில் அன்று கௌரி பண்டிகை. அன்று நடந்ததைச் சொல்லவே இக்கட்டுரை. அதற்கு முந்திய இரண்டு நாட்களும் அதன் வாயில்.

நான் திருநெல்வேலி நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். காலையில் பதிகம், மாலையில் பதிகம், இடையில் உணவு என்று இருப்பவன். எங்கள் ஒரே மகள் கோமதிக்கு அப்போது முப்பத்தொரு வயது. தொலைபேசி நிலையத்தில் வேலை. குணத்திலும் அறிவிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறந்ததுதான் மூல நட்சத்திரத்தில். மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்று எவர் சொல்லி வைத்தாரோ அறியேன். அதை நம்பி, எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனவர்கள் பலர்.

மைசூரிலிருந்து வந்த வரன் மட்டும் எழுந்து போகவில்லை. மாப்பிள்ளை குமரேசன் பட்டு ஆலை ஒன்றில் மேற்பார்வையாளர். தந்தை சதாசிவம் ரயில்வேயில் பெட்டிகளைத் தடம் மாற்றும் பணியில் இருந்தவர். மூலம் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் சிரித்தார். "எனக்குத்தானே ஆகாது? முப்பது வருஷம் என்ஜின் புகையைக் குடிச்சவன் சார் நான். நட்சத்திரம் என்ன பண்ணிடும்?" ஆனால் அவர் மனைவி லலிதாம்பாளுக்கு ஒரு விதி இருந்தது. மலைமேல் அம்மன் சந்நிதியில், இராகு காலத்துக்கு முன் தாம்பூலம் மாற்றியாக வேண்டும். நேரம் தவறினால், அம்மனுக்கு அந்தச் சம்பந்தத்தில் விருப்பமில்லை என்று பொருள். முன்பு இரண்டு வரன்களை அவ்வாறே அவர் திருப்பியிருந்தார்; ஒரு முறை மழை, ஒரு முறை பேருந்துப் பழுது. வெள்ளிக்கிழமை இராகு காலம் பத்தரைக்கே வந்துவிடும். கோமதியின் வாழ்வு அந்தப் பத்தரை மணிக்கு இப்பாலா, அப்பாலா என்பதே எங்கள் கவலை.

புதன்கிழமை காலை மைசூரில் இறங்கினோம். மலையைக் காணவில்லை, மேகம் மூடியிருந்தது. தேவராஜ மொஹல்லாவில் தங்கிய விடுதிக்கு எதிரே உணவு கொண்டோம். சாம்பாரில் வெல்லம் இருந்தது. பாயசத்தை மாற்றிக் கொண்டுவந்து விட்டார்களோ என்று பரிமாறுபவரைக் கேட்டேன். அவர் குனிந்து பார்த்து, சாம்பார்தான் என்று உறுதி சொல்லி, இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார். அடுத்த மேசையில் இருவர் கன்னடத்தில் பேசிக்கொண்டதைக் கோமதி எனக்குப் புரியவைத்தாள். "இந்த மழையில் மலையின் தலையே தெரியவில்லை" என்றார் ஒருவர். "தலை தெரியாவிட்டால் என்ன, பஸ் போகிறதே" என்றார் மற்றவர்.

நண்பகலில் மேகம் விலகியது. எங்கள் ஊரில் மலை மேற்கே தொலைவில் நின்றுகொண்டு ஆற்றை மட்டும் அனுப்பி வைக்கும். இங்கே மலை ஊருக்கு வெகு அருகில் வந்து உட்கார்ந்திருக்கிறது. எந்தத் தெருவில் திரும்பினாலும் கண்ணில் படுகிறது. அன்று மாலை முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டே நடந்து, ஒரு முறை மாட்டு வண்டியிலும் ஒரு முறை காவலர் ஒருவரிடத்திலும் இடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டில் விருந்து. மலைக்கு மூன்று வழிகள் உண்டு என்று சதாசிவம் விளக்கினார். பேருந்து போகும் வளைவுச் சாலை ஒன்று. பழைய அரசர் ஒருவர் போட்டுக் கொடுத்த கற்படிகள் மற்றொன்று. மலைக்குப் பின்புறத்துக் கிராமத்திலிருந்து ஏறும் ஒற்றையடிப் பாதை மூன்றாவது. அது மாடு மேய்ப்பவர்களுக்கும் அவசரக்காரர்களுக்கும் உரியதாம். எங்களுக்குப் பேருந்தே உகந்தது என்று அவர் முடித்தார். அங்கே முடிந்திருக்க வேண்டிய பேச்சைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள்.

"சும்னே பஸ்ல மேலே வந்துடுங்க சம்பந்தியம்மா. உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்?" என்றார் லலிதாம்பாள்.

"அம்பாளப் பாக்க பஸ்லயா போறது? நாங்க படியேறியே வந்துருதோம்" என்றாள் என் மனைவி சிவகாமி.

"படியேறினா நல்லதுதான். எங்க அத்தை எல்லாம் ஒண்ணொண்ணு படிக்கும் அரிசினம் குங்குமம் வெச்சுட்டே ஏறுவாங்க. இப்ப யாரு செய்றாங்க, ஹோகலி விடுங்க." அரிசினம் என்று அவர்கள் சொல்வது மஞ்சளை.

"ஏன் செய்யாம? நாங்க செய்யுதோம். எல்லாப் படிக்கும் செய்யுதோம்."

"பேடா, பேடா. ரொம்ப இருக்கும்மா."

"எம்புட்டு இருந்தா என்ன? அம்பாள் ஏத்திவிட்டுருவா."

வேண்டாம் என்று லலிதாம்பாள் சொல்லச் சொல்ல, சிவகாமி உறுதி கொடுத்துக்கொண்டே போனாள். எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்பது இன்னும் ஒரு முறை கேட்பதற்கான அழைப்பு. மைசூரில் அதற்கு வேண்டாம் என்றே பொருள் என்பது எங்களுக்குத் தெரியாது. இறுதியில் லலிதாம்பாள் கைகூப்பினார், சிவகாமியும் கைகூப்பினாள், அது ஒப்பந்தமாயிற்று.

திரும்பும் ஆட்டோவில் கோமதி கேட்டாள். "அம்மா, படி எத்தனைன்னு கேட்டியா?"

"அதப் போய்க் கேட்டா மரியாதையா இருக்குமாட்டி?"

மாலையில் தேவராஜ மார்க்கெட்டில் மஞ்சள் வாங்கினோம். கௌரி பண்டிகைக்காக அங்கே முறங்களும் வளையல்களும் களிமண் பிள்ளையார்களும் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. மலைப்படிகளுக்கு என்று சொன்னதும் கடைக்காரர், "எல்லாப் படிக்குமா?" என்று கேட்டுவிட்டு ஒரு மூட்டையைத் தூக்கி வைத்தார். வெளியூர்க்காரர்கள் என்று ஏய்க்கப் பார்க்கிறார் எனச் சிவகாமி முடிவு செய்தாள். அதில் பாதியை மட்டும் கட்டித் தரச் சொன்னாள். கடைக்காரர் எங்களை ஒருவர்பின் ஒருவராகப் பார்த்துவிட்டுக் கட்டிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை விடியலில் ஆட்டோ கிடைக்கவில்லை. குதிரை வண்டி கிடைத்தது. அரண்மனை வாயில் வரை குதிரை பறந்தது. வாயிலில் நின்றது, பிறகு அசையவில்லை.

"பழக்கமாயிடுச்சு சாமி" என்றார் வண்டிக்காரர். "தினம் டூரிஸ்ட்டுங்களை இங்க இறக்குவேன். அவங்க இறங்கி, ஃபோட்டோ எடுத்து, ஏறினாத்தான் இது நகரும். அடிச்சாலும் நகராது."

"எங்ககிட்ட கேமரா இல்லையே."

"அது அதுக்குத் தெரியாது சாமி. நீங்க இறங்கி ஏறுங்க, போதும்."

மூவரும் இறங்கினோம். குதிரை ஓரக்கண்ணால் பார்ப்பதுபோல் எனக்குத் தோன்றவே, எதற்கும் இருக்கட்டும் என்று அர்ச்சனைத் தேங்காயை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். கோமதி அரண்மனைக்கு முன் சிரித்தபடி நின்றாள். "எடுத்துட்டியளா அப்பா? கண்ணு மூடிருந்தா இன்னொண்ணு எடுங்க." ஏறினோம். குதிரை புறப்பட்டது.

மலையடிவாரத்தில் அண்ணாந்து பார்த்தேன். படிகள் மரங்களுக்குள் நுழைந்து, வெளியே வந்து, மறுபடி நுழைந்து, மேகத்துக்குள் போயின. சிவகாமி மஞ்சளைக் கிண்ணத்தில் குழைத்தாள்.

படியின் முகப்பில், ஏறுபவர் கண்ணில் படும்படி, மஞ்சளைத் தடவி நடுவில் குங்குமம் இட வேண்டும். நாலைந்து படிகளிலேயே சிவகாமியின் முழங்கால் மறுத்துவிட்டது. கல்யாணப் பெண் குனிந்து குனிந்து முகம் வாடினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று கோமதியையும் அவள் விடவில்லை. ஆகவே சிவகாமி கிண்ணம் பிடித்தாள், தாம்பூலத் தட்டிருந்த பையைக் கோமதி சுமந்தாள், நான் குனிந்தேன். வாய் சும்மா இருப்பானேன் என்று படிக்கு ஒரு வரியாகப் பதிகம் பாடத் தொடங்கினேன். வரி தொடங்கும்போது மஞ்சள். வரி முடியும்போது குங்குமம். உள்ளம் நிறைந்தது.

இதில் ஒரு தொல்லையை நான் முன்கூட்டி எண்ணவில்லை. நான் பாடம் செய்த பண்கள் யாவும் நின்று, நிதானித்து, ஒரு சொல்லை மூன்று முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறவை. வரி முடியாமல் குங்குமம் இட என் கை ஒப்பவில்லை.

"அப்பா, கொஞ்சம் ஓட்டமான பண்ணுல ஏதும் கிடையாதா?"

"இருக்குது அம்மா. அது வேறு தலத்துப் பதிகம்."

"அம்பாள் கேட்டா நான் சொல்லிக்கிடுதேன். மாத்துங்க."

நான் மாற்றவில்லை. பின்னால் ஆள் சேரத் தொடங்கியது. கௌரிக்கு மஞ்சள் குங்குமம் வைத்த முறமும் கையுமாகப் பண்டிகைக்கு வந்த பெண்கள், நேர்த்திக்கடன் செலுத்துபவரை முந்திப் போவது முறையல்ல என்று நின்றுவிட்டார்கள். அவர்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டதைக் கோமதி அரைகுறையாகப் புரிந்துகொண்டு எனக்குச் சொன்னாள். "கணவர் பொட்டு வைக்கிறார், மனைவி பாத்திரம் பிடிக்கிறார். தமிழர்களின் வழக்கம் போலிருக்கிறது." "நல்ல வழக்கம். எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும்."

கான்வாஸ் காலணியும் அரைக்கால் சட்டையும் அணிந்த பருத்த மனிதர் ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். வயிற்றைக் குறைப்பதற்காக நாள்தோறும் படியேறுபவராம். முந்தப் பார்த்தவரைப் பெண்கள் அதட்டினார்கள். அவர் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். கையில் கடிகாரம் இருந்ததால், மணி சொல்லும் பொறுப்பைக் கோமதி அவரிடம் ஒப்படைத்தாள். அதன்பின் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் அபாயச் செய்திபோல் மணியை அறிவித்தபடி வந்தார்.

மூன்றில் இரண்டு பங்கு ஏறியபின் நந்தி. மலைக்கல்லிலேயே குடைந்தெடுத்த கரிய பெருநந்தி; கழுத்து மணிகளைத் தொட்டால் ஒலிக்கும் என்று எண்ணத் தோன்றும். சைவனாகப் பிறந்தவன் அதைக் கடந்து வெறுமனே போக இயலாது. முழுப் பதிகம் பாடி விடைபெற வேண்டும். கைகூப்பிக் கண்ணை மூடினேன். தோளில் கோமதியின் கை விழுந்தது.

"அப்பா. மஞ்சள் தீர்ந்துட்டு."

கண்ணைத் திறந்தேன். கிண்ணம் காலியாக இருந்தது. ஒன்பதரையும் கடந்தது என்றார் கடிகாரக்காரர். மேலே இன்னும் ஒரு பங்கு மலை இருந்தது.

நந்திக்குப் பக்கத்திலேயே சாலை வருகிறது. "இங்கேருந்து பஸ்ல போயிருவோம். நேரத்துக்குப் போயிரலாம்" என்றாள் கோமதி. அவள் குரலில் அன்று முதன்முறையாகக் கேலி இல்லை.

"சொன்ன சொல்லு என்னாகுறது? பாதிப் படியில விட்டுட்டுப் போனா, அந்த வீட்டுல உன்னக் குடுக்க முடியுமா?" என்றாள் சிவகாமி. அவள் கண் கலங்கியிருந்தது. "நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்."

வரிசையிலிருந்த பெண் ஒருத்தி முன்னால் வந்து, தன் முறத்திலிருந்த மஞ்சளை எடுத்துக் கிண்ணத்தில் இட்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள், பிறகு ஒவ்வொருவராக. கௌரிக்கு என்று கொண்டுவந்த மஞ்சளும் குங்குமமும் எங்கள் கிண்ணத்தில் நிரம்பின. பொருள் வந்தது, நேரம்தான் வரவில்லை.

அப்போது மேலேயிருந்து குமரேசன் படிகளில் ஓடி இறங்கி வந்தார். பட்டுச் சட்டை முழுவதும் வேர்வை.

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா? பஸ்ல உங்களைக் காணோம்னு அம்மா ஒரு மாதிரி ஆயிட்டாங்க. 'ஐயோ, நிஜமாவே படிக்குப் படி வெச்சுட்டு வர்றாங்க போல, நான் ஏதோ பேச்சுக்குச் சொன்னேன்'னு ஒரே புலம்பல்." சற்று நிறுத்திச் சொன்னார். "டைம் தப்பிட்டா அவங்களே வேண்டாம்னு சொல்லணுமே, அவங்க போட்ட ரூல்தானே. அது அவங்களுக்கு இஷ்டம் இல்ல. அதனால மேலேருந்து அவங்களும் வெச்சுட்டு வர்றாங்க."

"மேலேருந்தா?" என்றேன்.

"ஆமா மாமா. ரிவர்ஸ்ல."

கடிகாரக்காரர் இங்கே ஒரு நியாயத்தை எழுப்பினார். ஏறும்போது இடுவதுதான் நேர்த்திக்கடன். இறங்கிக்கொண்டே இட்டால் செல்லுமா? பெண்களில் பாதிப்பேர் செல்லும் என்றார்கள். பாதிப்பேர் செல்லாது என்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மலையே இறைவன் என்று கருதி அதில் கால்வைக்க அஞ்சிய அடியார்களை நான் எண்ணிக்கொண்டேன். "மலை முழுவதும் அவள் திருமேனி. பாதத்திலிருந்து பூசினாலும் நெற்றியிலிருந்து பூசினாலும் சந்தனக்காப்பு ஒன்றுதான்" என்றேன். குமரேசன் அதைக் கன்னடத்தில் சொன்னார். இரு தரப்பும் தலையசைத்தன. பிறகு நந்தியிடம் திரும்பி, பதிகத்தின் நடுப்பாட்டுகளை மனத்துக்குள் மட்டும் பாடி, கடைசிப் பாட்டை வாய்விட்டுப் பாடினேன். நந்தியார் ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை.

இனிமேல் ஓட்டமான பண். வேறு தலத்துப் பதிகம்தான். அம்மை பொறுத்துக்கொள்வாள் என்று தொடங்கினேன். சிவகாமி கிண்ணத்தோடு ஓடினாள். நான் குனிந்தபடியே ஓடினேன். பின்னால் பெண்கள் என் வரியின் கடைசிச் சொல்லைப் பொருள் அறியாமலே சேர்ந்து பாடினார்கள். பின்னால் வந்த குமரேசன் கோமதியிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"உங்களுக்குக் கோபமா?"

"எதுக்கு? எக்ஸ்சேஞ்சுல தினமும் இதுதான். ரெண்டு பக்கமும் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க, லைன் கிடைக்காது."

ஒரு திருப்பத்தில் அவர்கள் தெரிந்தார்கள். படியின் முகப்பில் பூச வேண்டும் என்றால், இறங்குபவர் மலையைப் பார்த்தபடி பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். லலிதாம்பாள் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து, எங்களுக்கு முதுகு காட்டியபடி ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி வந்தார். அவருக்குக் கீழே சதாசிவம், ஒரு கையில் குடையும் மறு கையில் தாம்பூலத் தட்டுமாக, தடம் மாற்றும் பணியில் பழகிய குரலில் வழி காட்டினார்.

"வா, வா, வா. ஸ்வல்ப லெஃப்ட். அங்கே கல்லு இருக்கு. நில்லு. இப்ப வா."

"கத்தாதீங்க. நான் என்ன கூட்ஸ் வண்டியா?"

மேலும் கீழும் படிகள் குறைந்தன. கடிகாரக்காரர் இப்போது திருப்பத்துக்குக் காத்திராமல் ஓயாது மணி சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் இரு தரப்புக்கும் நடுவே ஒரே ஒரு படி மிஞ்சியது. லலிதாம்பாள் நிமிர்ந்து திரும்பினார். முகமெல்லாம் மஞ்சள்.

"நீங்க வையுங்க சம்பந்தியம்மா" என்றாள் சிவகாமி.

"சே சே, உங்க வேண்டுதல். நீங்க வைங்க."

"நீங்க பெரியவுக. எறங்கி வந்திருக்கிய. நீங்கதான் வைக்கணும்."

"நீங்க எங்க ஊருக்கு வந்தவங்க. நீங்க வெச்சாத்தான் எனக்குத் திருப்தி."

"அது எப்படி?"

கடிகாரக்காரர் தம் கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. மரியாதை ஒரு முறை தொடங்கிவிட்டால் அதற்குள் நுழைய ஆண்களுக்கு வழியில்லை. நானும் சதாசிவமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். சிவகாமி கிண்ணத்தை நீட்டினாள், லலிதாம்பாள் அதைத் திருப்பித் தள்ளினார், மறுபடி நீட்டினாள்.

கோமதி நடுவில் வந்தாள். கிண்ணத்தில் விரல்களை விட்டு எடுத்தாள். குனிந்து, அந்தப் படியில் மஞ்சளைத் தடவினாள். நிமிராமலே, "குங்குமம்" என்றாள். குமரேசன் அவளருகே உட்கார்ந்து நடுவில் பொட்டு வைத்தார்.

"மாத்துங்க" என்றாள் கோமதி, எங்களைப் பார்த்து.

மலை முழுவதும் அவள் திருமேனி என்றபின் அந்தப் படியும் சந்நிதிதான்; நானும் சதாசிவமும் அதன்மேல் தட்டை மாற்றிக்கொண்டோம். பத்தரைக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று கடிகாரக்காரர் அறிவித்தார். பெண்கள் குலவையிட்டார்கள்.

அந்த ஓசைக்கு மிரண்டோ, மகிழ்ந்தோ, மரத்திலிருந்து ஒரு குரங்கு குதித்தது. சதாசிவத்தின் கைக்கு வந்த தட்டிலிருந்து வாழைச்சீப்பைப் பறித்தது. அவர் சீப்பைப் பிடித்தார், குரங்கும் விடவில்லை, இழுபறியில் கால் தவறிப் பின்னால் சாய்ந்து, படியில் தொப்பென்று உட்கார்ந்தார். குடை மலைச்சரிவில் உருண்டு போயிற்று.

குலவை நின்றது. மூலம் என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் இரு குடும்பத்தாரின் முகத்திலும் அது எழுதியிருந்தது. லலிதாம்பாள் அசையாமல் நின்றார்.

சதாசிவம் இடுப்பைத் தடவிப் பார்த்தார். கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். "தட்டைக் கீழே விடல, பாத்துக்குங்க" என்றார்.

கோமதி இரண்டு படி ஏறி அவரிடம் போனாள். அவள் முகம் வெளிறியிருந்தது. "கையக் குடுங்க மாமா" என்றாள். அவர் கொடுத்தார். அவள் தூக்கி நிறுத்தினாள்.

லலிதாம்பாள் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த குங்குமத்தை வழித்தெடுத்து, கோமதியின் நெற்றியில் வைத்தார். "இனிமே இவருக்கு ஏதானாலும் தூக்க நீ இருக்கே" என்றார். "எனக்கு முதுகு வலி."

இராகு காலத்தில் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது என்று அவரே தீர்ப்பளித்ததால், மலை நடுவே படிகளில் எல்லாரும் உட்கார்ந்தோம். முறங்களோடு பெண்களும், காலணியை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரக்காரரும். பண்டிகைப் போளி ஒவ்வொருவர் கைக்கும் வந்தது. கீழே மைசூர் முழுவதும் வெயிலில் கிடந்தது. கோமதியும் குமரேசனும் எங்களுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் காது கொடுக்கவில்லை. நல்ல நேரம் பிறந்தபின் மெல்ல ஏறிப்போய் அம்மையைத் தரிசித்தோம். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்ததாக எனக்குப் பட்டது. இடுப்பு வலியில் நிமிர முடியாமல் குனிந்தபடியே பார்த்ததால், உறுதியாகச் சொல்லத் துணியேன்.

இதைப் படிப்பவர் யாவருக்கும் அம்மை அருள்க. ஏறுகிறவர் முழங்கால் உறுதி பெறுக. காத்திருக்கும் பெண்களுக்குக் காலம் கனிக. தாம் வகுத்த விதியைத் தாமே தளர்த்தி எதிரே இறங்கி வரும் நல்லோர், ஒவ்வொரு மலையிலும் இருக்க.